எட்டு ஜோடி உழவாரன்கள்

இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், செல்போர்ன் என்றொரு கிராமம் இருக்கிறது. லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர். ஒரே ஒரு நீண்ட தெரு. அதற்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த சுண்ணாம்புக் குன்று. தெருவோரத்தில், அதிக உயரமில்லாத சதுரக் கோபுரத்துடன் புனித மரியாள் தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு இப்படிச் சுமார் 16,000 தேவாலயங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கிராமங்களில்தான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோபுரம், சில மணிகள், சுற்றிலும் ஒரு கல்லறைத் தோட்டம், தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட பதிவேடுகள். அப்படியிருக்க, செல்போர்னை மட்டும் ஏன் உலகெங்கும் இருந்து வந்து பார்க்கிறார்கள்? 18-ஆம் நூற்றாண்டில் அங்கே உதவி குருவாக இருந்த ஒருவர், தேவாலயத்தைச் சுற்றி நடந்ததையெல்லாம் எண்ணினார், அளந்தார், தேதி போட்டு எழுதி வைத்தார். அவர் பெயர் கில்பர்ட் வைட். பிறந்தது 1720-இல், அதே செல்போர்னில். அவருடைய தாத்தா அந்தத் தேவாலயத்தின் குருவாக இருந்தவர்.

வைட்டிடம் நவீன கருவிகள் எதுவும் இல்லை. வெப்பமானி, காற்றழுத்தமானி, மழைமானி, அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். 1768 முதல் அவர் பயன்படுத்திய நோட்டில் கட்டங்கள் முன்பே அச்சிடப்பட்டிருந்தன. வெப்பநிலைக்கு ஒரு கட்டம், காற்றின் திசைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, அன்று முதலில் பூத்த செடிக்கு ஒன்று, முதலில் வந்த பறவைக்கு ஒன்று. 1793-இல் இறக்கும் வரை, 25 ஆண்டுகள், அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே இருந்தார். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டு 1789-இல் ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ என்ற நூலாக வெளிவந்தன. அந்த நூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

முதலில் பறவைக் கதைக்கு வருவோம்.

உழவாரன் பறவையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரிவாள் போல வளைந்த சிறகுகளோடு வானத்தைக் கீறிக்கொண்டு பறக்கும். ஐரோப்பாவில் வாழும் உழவாரன் குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ இங்கிலாந்துக்கு வரும். ஆகஸ்ட் நடுவில் கிளம்பிவிடும். அதன் கால்கள் மிகக் குட்டை. தரையில் இறங்கிவிட்டால் மீண்டும் எழும்பிப் பறக்கப் பெரும்பாடு படும். உயரமான பொந்திலிருந்து அப்படியே கீழே விழுந்து, விழும் வேகத்திலேயே சிறகு விரித்துப் பறந்துவிடுவது அதற்குச் சுலபம். அதனால்தான் தேவாலயக் கோபுரங்களின் கல் இடுக்குகளும் கூரை ஓரங்களும் அதற்கு இவ்வளவு பிடிக்கும். கூடு கட்டத் தேவையான இறகு, வைக்கோல் துணுக்குகளைக் காற்றில் மிதக்கும்போதே பிடித்து, தன் எச்சிலால் ஒட்டிக்கொள்ளும்.

செல்போர்னில் எத்தனை உழவாரன் ஜோடிகள் கூடு கட்டுகின்றன என்று வைட் ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தார். எட்டு ஜோடி. அடுத்த ஆண்டும் எட்டு. அதற்கடுத்த ஆண்டும் எட்டு. ஏறக்குறையப் பாதி தேவாலயத்தில் தங்கின. மீதி, கிராமத்தின் தாழ்ந்த கூரை வேய்ந்த குடிசைகளில் தங்கின.

எண்ணிக்கை மாறவே இல்லையென்றால் அதில் என்ன இருக்கிறது என்று வேறொருவர் விட்டிருப்பார். வைட் விடவில்லை. ஒரு ஜோடி, ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு முட்டை இடுகிறது என்று அவருக்குத் தெரியும். நீங்களே கணக்குப் போடுங்கள். எட்டு ஜோடி என்றால் 16 பறவைகள். அவற்றின் குஞ்சுகள் 16. ஆகஸ்டில் செல்போர்னை விட்டுக் கிளம்புபவை 32. அடுத்த மே மாதம் வந்து கூடு கட்டுபவை மீண்டும் 16தான். மீதி 16 பறவைகள் எங்கே போயின?

இந்தக் கேள்வியை அவர் கடிதத்தில் எழுதியே கேட்டார். ஓர் இடத்தில் வாழும் ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை ஏன் ஏறிக்கொண்டே போவதில்லை, எது அதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது இன்றைய சூழலியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. பல பறவைகள் நீண்ட பயணத்தில் இறந்துபோகின்றன. இளம் பறவைகள் பிறந்த உடனே கூடு கட்டுவதில்லை, சில ஆண்டுகள் காத்திருக்கின்றன. கூடு கட்டத் தோதான பொந்துகளும் ஓர் ஊரில் குறைந்த அளவில்தான் இருக்கும். 1983-இல் ஜான் லாட்டன், ராபர்ட் மே என்ற இரண்டு சூழலியல் அறிஞர்கள் செல்போர்ன் உழவாரன்களைப் பற்றி மறுபடி எழுதினார்கள். அப்போதைய கணக்கு 12 ஜோடி. இடைப்பட்ட 200 ஆண்டுகளில் உலகமே தலைகீழாக மாறிவிட்டது. ஊரின் உழவாரன்கள் மட்டும் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்ந்திருந்தன! வைட் எண்ணி வைத்திருக்காவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கடைசிவரை குழம்பினார். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் எங்கே போகின்றன? அவருடைய தம்பி ஒருவர் ஜிப்ரால்டரில் இருந்தார். உழவாரனைப் போலவே கோடையில் இங்கிலாந்துக்கு வரும் தகைவிலான்கள் கூட்டம் கூட்டமாகக் கடலைத் தாண்டிப் போவதையும் வருவதையும் அங்கிருந்து பார்த்து எழுதினார். ஆனாலும் சில பறவைகள் இங்கிலாந்திலேயே ஏதாவது பொந்தில் ஒளிந்து தூங்குமோ என்ற சந்தேகம் வைட்டை விடவில்லை. பறவையின் முதுகில் சிறு கருவி கட்டி அனுப்பும் வசதி அன்று ஏது? 2016-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். கூடு கட்டும் பருவம் போக மீதி 10 மாதங்களையும் உழவாரன்கள் ஏறத்தாழ முழுக்க வானத்திலேயே கழிப்பதாகத் தெரியவந்தது. சில பறவைகள் ஒரு முறைகூடத் தரையிறங்கவில்லை.

அடுத்து, தேவாலய முற்றத்தில் நின்ற மரம்.

இங்கிலாந்தின் பழைய கல்லறைத் தோட்டங்களில் யூ மரம் இருக்கும். கரும்பச்சை நிற ஊசி இலைகள், சிவந்த பட்டை, மெதுவான வளர்ச்சி. செல்போர்ன் யூ மரம் ஓர் ஆண் மரம். வசந்தத்தில் மகரந்தத்தைப் புகை போலக் கொட்டும். வைட் அதன் தண்டைச் சுற்றி அளந்து 23 அடி என்று எழுதினார். 1820-களில் வில்லியம் காபெட் என்ற எழுத்தாளர் அந்த வழியாகக் குதிரையில் வந்தபோது அவரும் அளந்தார். 23 அடி 8 அங்குலம். 1990 ஜனவரி 25 அன்று வீசிய பெரும் புயலில் மரம் சாய்ந்தது. அப்போது சுற்றளவு சுமார் 26 அடி.

வைட்டின் நூல் வந்த 1789-லிருந்து மரம் விழுந்த 1990 வரை 201 ஆண்டுகள். வளர்ந்தது 3 அடி, அதாவது சுமார் 91 சென்டிமீட்டர். ஆண்டுக்கு நான்கரை மில்லிமீட்டர்!

இந்த வேகத்தை வைத்து 26 அடிக்கு எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டால் 1,700-க்கு மேல் வரும். அதை அப்படியே நம்பக் கூடாது. எந்த மரமும் இளமையில் வேகமாகப் பருக்கும், முதுமையில் நிதானமாகும். ஆகவே உண்மையான வயது அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய மரம் என்று மதிப்பிட்டார்கள். மரத்தை வெட்டி வளையங்களை எண்ணலாமே என்று கேட்பீர்கள். ஓக் போன்ற மரங்களில் அப்படிச் செய்யலாம். முதிய யூ மரத்தில் முடியாது. வயதாக ஆக அதன் நடுப்பகுதி உளுத்துப் பொந்தாகிவிடும். மிகப் பழைய வளையங்கள் எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருந்தன! சர்ரே மாவட்டத்தில் கிரோஹர்ஸ்ட் என்ற ஊரின் தேவாலய முற்றத்தில் நிற்கும் யூ மரத்தின் பொந்து எவ்வளவு பெரியதென்றால், அதற்கு ஒரு மரக் கதவே பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே மூத்த வளையம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட மரங்களின் வயதைச் சொல்ல, பழைய சுற்றளவுக் குறிப்புகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

செல்போர்ன் மரம் வேரோடு பெயர்ந்தபோது, வேர்களுக்கிடையே பழைய மனித எலும்புகள் வெளிப்பட்டன. நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே புதைக்கப்பட்டவர்கள். தொல்லியலாளர்கள் வந்து பதிவு செய்தார்கள். மரத்தை நிமிர்த்தி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அதிலிருந்து எடுத்த ஒரு கிளைக் கன்று இப்போது அதே முற்றத்தில் வளர்கிறது.

யூ மரத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விதையைச் சூழ்ந்த சிவப்புச் சதையைத் தவிர மரத்தின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. மாடும் குதிரையும் தின்றால் செத்துவிடும். அதே இலையில் உள்ள ஒரு வேதிப்பொருளிலிருந்துதான் டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்கிறார்கள். இலை மீண்டும் துளிர்க்கும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

இனி தேவாலயத்துக்குள் போவோம். அதற்குரிய மிக மதிப்புள்ள பொருள் எது என்று என்னைக் கேட்டால், வெள்ளிக் கிண்ணத்தையோ வண்ணக் கண்ணாடி ஜன்னலையோ காட்ட மாட்டேன். பதிவேட்டைக் காட்டுவேன்.

1538-இல், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் குருவானவர் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் வரும் ஊர்ப்பகுதியைத்தான் பங்கு என்கிறோம். அரசன் மகன் முதல் ஆடு மேய்ப்பவர் மகள் வரை எல்லாரும் அந்த ஏட்டில் வந்தார்கள். 

வைட்டும் தன் கையால் இந்தப் பதிவுகளை எழுதியவர். எழுதியதோடு நிற்காமல் கூட்டியும் பார்த்தார். 1720 முதல் 1779 வரை 60 ஆண்டுகளில் செல்போர்னில் ஞானஸ்நானம் பெற்ற ஆண் குழந்தைகள் 515, பெண் குழந்தைகள் 465. மொத்தம் 980. அதே காலத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் 640 பேர். பிறப்பு இறப்பைவிட 340 கூடுதல். 1783 அக்டோபரில் ஊரின் தலைகளையும் எண்ணினார். தெருவில் 313 பேர், மற்ற இடங்களில் 363 பேர், ஆக 676 பேர், 136 குடும்பங்கள். இங்கிலாந்து அரசு முதன்முதலாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது 1801-இல். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே ஒரு கிராமத்தின் கணக்கு முடிந்துவிட்டது.

தலைகளை எண்ணிய அதே 1783-இல்தான் விசித்திரமான ஒன்று நடந்தது.

ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை செல்போர்னில் ஒரு வினோதமான மூட்டம் சூழ்ந்தது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அது கலையவில்லை. நண்பகல் சூரியன் மேகம் மூடிய நிலாவைப் போல மங்கிக் கிடந்தது. தரையிலும் அறைக்குள்ளும் விழுந்த வெயில் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. வெக்கை தாங்கவில்லை. வெட்டிய இறைச்சி மறுநாளே சாப்பிட லாயக்கில்லாமல் போனது. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் வெறி பிடித்தவை போல ஆயின. கிராமத்து மக்கள் அந்தச் சிவந்த சூரியனைப் பார்த்து நடுங்கினார்கள். இவை அனைத்தையும் வைட் எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது.

காரணம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தில் லாக்கி என்ற இடத்தில் பூமி நீளவாக்கில் பிளந்து எரிமலைக் குழம்பு பீறிட்டது. அது எட்டு மாதம் ஓயவில்லை. குழம்போடு சேர்ந்து சுமார் 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வாயு வானத்தில் ஏறியது. அந்த வாயு காற்றில் உள்ள நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறும். செல்போர்னின் மூட்டம் அதுதான். ஐஸ்லாந்தில் புல்வெளிகள் நஞ்சாகி ஆடுமாடுகள் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டின் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள்.

இங்கிலாந்தில் என்ன ஆனது? இங்கேதான் கிராமத்துப் பதிவேடுகள் கைகொடுக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 404 பங்குகளின் பதிவேடுகளை மாதம் மாதமாக எண்ணித் தொகுத்தார்கள். அந்தந்த ஊர் ஆர்வலர்கள் பலர் தங்கள் ஓய்வு நேரத்தில் பழைய கையெழுத்துகளைப் படித்து எண்ணிக் கொடுத்தார்கள். ரிக்லி, ஸ்கோஃபீல்டு இருவரும் 1981-இல் அதை நூலாக்கினார்கள். பின்னர் எரிமலை ஆய்வாளர்கள் அந்த அட்டவணைகளில் 1783-ஆம் ஆண்டைத் தேடிப் பார்த்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அடக்கங்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். 1784 ஜனவரி, பிப்ரவரியில் மறுபடி அதிகம். கிழக்கு இங்கிலாந்தில் பாதிப்பு மிகக் கடுமை. இங்கிலாந்தில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 20,000 பேர் என்று மதிப்பிட்டார்கள்.

எரிமலைக்கும் இந்த மரணங்களுக்கும் உள்ள தொடர்பு அன்று யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு குருவானவரும் தன் ஊரில் அந்த மாதம் நடந்த நாலைந்து அடக்கங்களை மட்டுமே பார்த்தார். ஆனால் அவர்கள் தேதி தவறாமல் எழுதினார்கள். அந்தப் பெயர் தெரியாத எழுத்தர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கந்தக டை ஆக்சைடு இன்னோரிடத்திலும் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது. அதைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

கல்லறைக் கற்களின் மேல் ஆரஞ்சு, சாம்பல், வெள்ளை, இளம்பச்சை நிறங்களில் வட்டவட்டமாகப் படை படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அவை லைக்கன் என்னும் உயிர்கள். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைக் காக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. பிரிட்டனில் உள்ள ஏறக்குறைய 2,000 லைக்கன் இனங்களில் 700-க்கும் மேற்பட்டவை தேவாலய முற்றங்களில் கண்டறியப்பட்டுள்ளன. அதற்குக் காரணம் எளிது. இங்கிலாந்தின் தாழ்நிலப் பகுதிகள் பலவற்றில் இயற்கையான பாறையே வெளியே தெரியாது. களிமண்ணும் வயலும்தான். நூற்றாண்டுக் கணக்காக அசையாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கல் வேண்டுமென்றால் தேவாலயச் சுவரும் கல்லறைக் கல்லும்தான் கதி. சுண்ணாம்புக் கல்லில் ஒரு வகை லைக்கன் வளரும், மணற்கல்லில் வேறு வகை. 

கல்லறைக் கல்லில் இன்னொரு வசதியும் உண்டு. அதில் ஆண்டு செதுக்கியிருக்கும். செல்போர்னில் வைட்டின் கல்லறையில் இருப்பது ஒரு சிறிய கல். ஆரவாரமில்லை. அவர் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டும், 1793 ஜூன் 26 என்ற தேதியும் மட்டும். இப்படித் தேதியுள்ள கற்களில் மிகப் பெரிய லைக்கன் வட்டத்தை அளந்தால், அது ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு, பனியாறு விட்டுச்சென்ற தேதியில்லாத பாறைகளின் வயதைக்கூட மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் ரோலண்ட் பெஷெல் 1950-களில் இந்த முறையை வளர்த்தெடுத்தார்.

லைக்கனுக்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால் கந்தக டை ஆக்சைடு அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். நிலக்கரிப் புகை சூழ்ந்த காலத்தில் நகரங்களை ஒட்டிய கற்களில் பல லைக்கன்கள் மறைந்தன. 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு அறிஞர்கள், ஓரிடத்தில் எந்தெந்த லைக்கன் இருக்கிறது என்று பார்த்தே அங்குள்ள காற்றின் மாசைக் கணிக்கும் அளவுகோலை வெளியிட்டார்கள். நிலக்கரிப் புகை குறைந்த பிறகு பல இடங்களில் லைக்கன்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.

இந்தச் செய்தி மகிழ்ச்சி தருகிறது. உழவாரன் செய்தி அப்படி இல்லை. 2021-இல் பிரிட்டனில் உழவாரன் பறவை ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது இடுக்குகளைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். திரும்பி வரும் பறவைக்குத் தன் பொந்து இருப்பதில்லை. பூச்சிகளும் குறைந்துவிட்டன. இப்போது பல ஊர்த் தேவாலயங்களில் மணிக்கோபுரத்தின் சன்னல் தட்டிகளுக்குப் பின்னால் மரப்பெட்டிகள் பொருத்தி, உழவாரன் நுழைய வழி விட்டிருக்கிறார்கள். கட்டடத்தைப் பாதுகாப்பதும் பறவையைப் பாதுகாப்பதும் ஒரே வேலையாக நடக்க முடியும். செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். பள்ளியிலோ தெருவிலோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நெஞ்சு உயரத்தில் தண்டைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, சென்டிமீட்டரில் எழுதுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு நீங்கள் வளர்ந்திருப்பீர்கள். மரத்தின் பெயர், இடம், தேதி மூன்றும் அவசியம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே உயரத்தில் மறுபடி அளந்து, அதே நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.